பேர் வெட்டிய பாத்திரம்

காரைக்காலில் பூட்டிய வீடுகள் அதிகம். கதவில் பெரிய பூட்டு, திண்ணையில் சருகு, ஜன்னல் கம்பிகளில் உப்புக்காற்று தின்ற துரு. வீட்டுக்காரர்கள் பாரிசிலோ அதன் புறநகர்களிலோ இருப்பார்கள். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த வீடுகள் பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள்.

பிரெஞ்சு ராணுவத்திலும் அரசு வேலையிலும் இருந்தவர்களுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. சொல்தா என்ற அந்தச் சிப்பாய் இறந்த பிறகு அவர் மனைவிக்கு வந்தது. அந்தப் பணம் வந்துகொண்டிருந்தவரை வீட்டிலிருந்த எந்தப் பொருளும் வாசலைத் தாண்டவில்லை. அண்டாவை விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்டும் நெருக்கடி வரவில்லை. சைகோனிலிருந்து கப்பலில் வந்த டிரங்குப் பெட்டி பரணில் கிடந்தது. வெற்றிலைச் செல்லம் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. கடைசிப் பாட்டி கண்ணை மூடுவதோடு பென்ஷன் நிற்கும். அடுத்த கோடையில் பேரன் பேத்திகள் லீவுக்கு வந்து பாகம் பிரிப்பார்கள். மனைக்கும் நகைக்கும் பாகம் உண்டு. அண்டாவுக்கும் அஞ்சறைப் பெட்டிக்கும் பாகம் கேட்பவர் இல்லை. அவை எடைக்குப் போகும்.

அந்த வாசலுக்கும் பழைய இரும்புக்காரரின் தராசுக்கும் நடுவில் நிற்கிற வேலை என்னுடையது. காலையில் ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக் கணக்கு எழுதுகிறேன். மதியத்தோடு அது முடிந்துவிடும். அதற்கு மேல் பழம்பொருள். வாங்குவது, துடைப்பது, படம் எடுப்பது, விவரம் எழுதி இணையத்தில் ஏற்றுவது, விற்றதைப் பொட்டலம் கட்டித் தபாலாபீசுக்குக் கொண்டுபோவது. "ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு இன்னும் எத்தனை நாளைக்கும்மா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். முழுநேர வேலைக்குப் போ, இல்லாவிட்டால் வியாபாரத்தைப் பெரிதாக்கு என்பது அவர்கள் யோசனை. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலுக்குள் இருந்து பார்க்கும் எனக்கு வேறு விதமாகப் படுகிறது. பென்ஷன் அந்த வீடுகளில் எந்த வேலையைச் செய்ததோ அதையே என் அரைநாள் சம்பளம் என் அலமாரியில் செய்கிறது. பொருளை அவசரத்திலிருந்து காக்கிறது.

கும்பகோணத்தில் செய்த பித்தளைத் தவலை ஒன்று கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உலோக விலை ஒன்று உண்டு. இன்று மாலையே எந்தப் பாத்திரக் கடையிலும் அந்த விலையைப் பெற்றுக்கொள்ளலாம். தவலை என்பதற்காக ஒருவர் தரும் விலை அதைவிடக் கூடுதல், ஆனால் அந்த ஒருவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. நாளைக்கே வரலாம், அடுத்த தைக்கும் வரலாம். எட்ஸி என்ற இணைய விற்பனைத் தளத்தில் ஒரு பொருளைப் பட்டியலில் ஏற்ற 20 அமெரிக்க சென்ட் கட்டணம். அந்தப் பதிவுக்கு ஆயுள் 4 மாதம். விற்காவிட்டால் மறுபடி கட்டிப் புதுப்பிக்க வேண்டும், விற்றால் 6.5 சதவீதம் தளத்துக்குப் போகும். ஐந்தாவது மாதமும் விற்காத தவலையை, வீட்டில் அரிசி தீர்ந்தவர் தராசில்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் அரிசிக்கு மருந்துக் கடைச் சம்பளம் இருக்கிறது. ஆகவே தவலை இருந்துகொள்ளலாம்.

வெள்ளியில் இந்த அவசரம் இன்னும் கொடியது. பிரெஞ்சு இந்தோசீனாவுக்காக 1885 முதல் 1928 வரை அச்சிட்ட பெரிய பியாஸ்தர் காசுகள் காரைக்கால் வீடுகளில் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. 1895க்குப் பிறகு வந்தவை 27 கிராம் எடை, அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. காவல்காரராகவும் குமாஸ்தாவாகவும் வியாபாரியாகவும் சைகோனுக்குப் போனவர்கள் கொண்டுவந்தவை. இந்துக்கள் அங்கே மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். 1935இல் கட்டிய சைகோன் மத்தியப் பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்களுடையது. வெள்ளி விலை கிலோவுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு இந்தக் காசுகள் உருக்குச் சட்டிக்குப் போகிற வேகம் கூடிவிட்டது. உருகிய காசில் சைகோனும் இல்லை, போய் வந்தவரும் இல்லை.

செட்டிநாட்டில் இந்தக் கதை முன்னாலேயே நடந்தது. பர்மாவில் தொழில் போன பிறகு வீடுகளைப் பிரித்து விற்றார்கள். தேக்குத் தூண்களும் பீங்கான் ஜாடிகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் கடைகளில் வந்து நின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர் நேராக அந்தத் தெருவுக்குப் போய்விடலாம். காரைக்காலுக்கு அப்படியொரு தெரு அமையவில்லை. திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை வரும் கூட்டம் நளதீர்த்தத்தில் குளித்து, சாமி கும்பிட்டு, அன்றைக்கே திரும்பிவிடும். பழம்பொருள் தேடி இங்கே யாரும் இறங்குவதில்லை. எங்களுக்குத் தெரு என்பது கைப்பேசிதான்.

பழைய பாத்திரத்தில் நான் முதலில் தேடுவது பேர். எவர்சில்வர் வருவதற்கு முன் பெண்ணுக்குச் சீர் வாங்கியவர்கள் பாத்திரக் கடையிலேயே உளி வைத்துப் பேர் வெட்டி வாங்கினார்கள். புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்து. தகப்பன் பேரின் முதலெழுத்து, பிறகு பெண்ணின் பேர், சிலவற்றில் ஊர், அபூர்வமாக வருஷம். குடத்தின் கழுத்தில் இருக்கும், தாம்பாளத்தின் அடியில் இருக்கும், கூஜா மூடியின் உள்பக்கம் இருக்கும். விசேஷ வீட்டில் இரவல் போன பாத்திரம் சரியாகத் திரும்பி வர வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் இவ்வளவு காலம் கழித்துப் பார்க்கும்போது அந்த எழுத்தின் கனம் வேறு. அந்தத் தலைமுறையில் நிலப் பத்திரத்தில் பெண்ணின் பேர் வருவது எவ்வளவு அரிது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பத்திரத்தில் இல்லாதவள் தவலையின் கழுத்தில் இருக்கிறாள்.

ஒரு வீட்டில் பரணிலிருந்து இறக்கிய சாமான்களை நடுக்கூடத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் வாங்கிட்டுப் போயி என்ன செய்வ, பாப்பா? யாரு புளி போட்டுத் தேய்க்கிறது? எவர்சில்வரு வந்தப்பவே பரணுக்குப் போயிடிச்சு."

"இந்தச் சொம்புல இருக்கிறது யாரு பேரு பாட்டி?"

"எங்க மாமியாருக்கு மூத்தவங்க. நான் பாத்ததில்ல. பிரசவத்துல போயிட்டாங்களாம்."

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்க. வேற எங்க இருக்கு அந்தப் பேரு."

சுவரில் அவருடைய படம் இல்லை. கோயில் கல்வெட்டிலோ கல்லறையிலோ பேர் இல்லை. சொம்பில் இருந்தது. அந்தச் சொம்பு எடைக்குப் போயிருந்தால் அந்த ஒரு இடமும் போயிருக்கும். இந்தத் தொழிலில் எனக்குள்ள பிடிப்பு இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு வகைப் பேரும் இந்த மண்ணில் உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணையை ஏற்று, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு மாறிய குடும்பங்கள் புதிதாகக் குடும்பப் பேர் வைத்துக்கொண்டன. ரெனோன்சான் என்று அவர்களைச் சொல்வார்கள். அப்படியொரு பேர் ஒரு கரண்டிக் காம்பில் கிடைக்குமானால், ஒரு குடும்பம் தன்னைப் பற்றி எடுத்த பெரிய முடிவு அந்தக் காம்பில் பதிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பேர்களை வியாபாரிகள் அழிக்கிறார்கள். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் நொடியில் மழுங்கிவிடும். ரிசார்ட் வரவேற்பறைக்கு உருளி வாங்குகிறவருக்கு யாரோ ஒருவர் பேர் எதற்கு, பளபளப்புதான் வேண்டும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புளியும் சாம்பலும் போட்டு விளக்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன். களிம்பு போனால் போதும். பேர் தெரியும்படி படம் எடுக்கிறேன். விற்காமல் இருந்தால் இருக்கட்டும். இப்படிச் சொல்ல முடிவது மறுபடியும் அந்த அரைநாள் சம்பளத்தால்தான். வியாபாரத்தை மட்டும் நம்பியிருந்தால் நானும் சக்கரத்துக்குத்தான் கொடுத்தாக வேண்டும்.

பகுதிநேர வேலை என்றால் நேரத்தைப் பங்கு போடுவதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். நேரம் ஓரளவு தானாகவே பிரிந்துகொள்கிறது. பித்தளையைப் படம் எடுக்க உச்சி வெயில் உதவாது, எல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். காலை இளவெயிலும் நாலு மணிக்கு மேற்பட்ட வெளிச்சமும்தான் வேண்டும். அந்த நேரங்களில் மருந்துக் கடை என்னைக் கேட்பதில்லை. பாரிசுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி வித்தியாசம். அங்கே வேலை முடிந்து கேள்வி கேட்கிறவர்களுக்கு நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதில் எழுதலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காகிதமும் மரமும் பூசணம் பிடிக்கும். அந்த மாதங்களில் விற்பனையைக் குறைத்துப் பராமரிப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். கடினம் மனத்தில்தான் இருக்கிறது. பில் போடும்போது அளவும் தொகையும் உடனே முடிந்துவிடுகின்றன. சொம்பின் கணக்கு முடிவதே இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த நடையில் கொஞ்ச நேரம் எதையும் யோசிக்காமல் வருவதற்குப் பழகிக்கொண்டேன்.

சட்டம் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளும் கைவினைப் பொருளும் நாணயமும் தொல்பொருள். வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள சுவடிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டு போதும். தொல்பொருள் விற்க உரிமம் வேண்டும்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. இந்த எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1927இல் வார்த்த விளக்கு 2027இல் கோட்டைத் தாண்டும். எட்ஸி தளத்தில் 20 வருஷம் ஆன எதையும் வின்டேஜ் என்று விற்கலாம். சட்டத்தில் நூறு வருஷம் ஆனதை நினைத்தபடி விற்க முடியாது. என் தொழில் இந்த இருபதுக்கும் நூறுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் நடக்கிறது. வயது சந்தேகம் என்றால் விற்பதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியதென்றால் தொல்லியல் துறையிடம் காட்டித் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கலாம்.

கோயில் சம்பந்தப்பட்ட எதையும் நான் தொடுவதில்லை. விக்கிரகம், வாகனத் துண்டு, தேர்ச் சிற்பம், தீபாராதனைத் தட்டு எதுவானாலும் சரி. டெல்டாக்காரர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விலைக்குப் போய், 2014 செப்டம்பரில் திரும்பி வந்தார். அதைக் கடத்திய வழக்கில் சம்பந்தப்பட்ட சுபாஷ் கபூருக்கு, வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் தண்டனை விதித்தது. காரைக்கால் அம்மையாரின் வெண்கலத் திருமேனிகளைப் பார்க்க நினைத்தால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சஸ் நகரத்து நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். ஆனித் திங்களில் மாடியிலிருந்து மாங்கனி வீசும் ஊர் இது. அம்மையார் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்தத் திருமேனிகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குகிற கையும் விற்கிற கையும் எவ்வளவு பெரிய கேட்டைச் செய்ய முடியும் என்று தோன்றும். சின்னச் சொம்பு வியாபாரத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். யாருடையது, எந்த வீட்டிலிருந்து வந்தது, கொடுக்கிறவருக்குக் கொடுக்கும் உரிமை உண்டா. பதில் இல்லாத பொருளை மறுப்பதற்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும்.

இனி, எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். வடக்கே பூவம் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். சரக்கு சேவை வரியில் புதுச்சேரி ஒரு மாநிலத்துக்குச் சமம். மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வியாபாரி, தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு இல்லாமல் இருக்கலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அந்த வரம்பு 20 லட்சம். அதுகூடப் பரவாயில்லை. மாநில எல்லையைத் தாண்டி வரிக்குரிய பொருளைத் தொழிலாக விற்கிறவருக்குப் பொதுவாக வரம்பே கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் இணையத் தளங்கள் வழியாக விற்கும் சிறியவர்களுக்குக் கொடுத்த சலுகையும் மாநிலத்துக்குள் விற்றால் மட்டும்தான்.

நாகப்பட்டினத்தில் இருக்கிற ஒருத்தி தன் சொம்பை மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பலாம், அது உள்மாநில வியாபாரம். காரைக்காலில் இருக்கிறவள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாகூருக்கு அனுப்பினால் அது வெளிமாநில வியாபாரம். அவளுக்கு உள்மாநிலம் என்பது புதுச்சேரி, மலபார்க் கரையிலிருக்கும் மாஹே, கோதாவரிக் கழிமுகத்திலிருக்கும் ஏனாம். பதிவு செய்துகொண்டால் மாதாமாதமோ காலாண்டுக்கு ஒருமுறையோ கணக்குத் தாக்கல், அதற்கு ஆடிட்டர் கட்டணம். எனக்குக் கணக்கு எழுதத் தெரியும், சமாளிக்கிறேன். வீட்டிலிருந்தபடி பாட்டியின் பழைய சேலைகளையும் பீங்கான் தட்டுகளையும் விற்று நாலு காசு பார்க்கலாம் என்று நினைக்கும் பெண்களுக்கு இது முதல் படியிலேயே தடை. இணையத்தில் டியூஷன் எடுக்கிறவர் போன்ற சேவை தருவோருக்கு 2017 அக்டோபரிலேயே மாநில எல்லை ஒரு பொருட்டல்ல என்று தளர்த்திவிட்டார்கள். புதுச்சேரியில் 20 லட்சம் வரை அவர்களுக்குப் பதிவு வேண்டாம். அதே தளர்வைப் பொருள் விற்கும் சிறியவர்களுக்கும், குறைந்தபட்சம் புதுச்சேரி போன்ற துண்டு நிலங்களில் இருப்பவர்களுக்காவது தர வேண்டும். ஜிஎஸ்டி மன்றத்தில் புதுச்சேரிக்கும் இருக்கை உண்டு. காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றின் சார்பாகவும் இதை அங்கே கேட்க வேண்டியவர்கள் நம் சட்டமன்ற உறுப்பினர்களும் அமைச்சர்களும்தான்.

பழம்பொருள் விற்கிறவளாக இருந்துகொண்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம்: எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாங்கப் போன இடத்தில் "இதை நீங்களே வச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தவை உண்டு. சைகோனில் எடுத்த குடும்பப் படம், ராணுவச் சேவைப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், குத்தகைச் சீட்டு. இவற்றுக்கு வெளியே விலை கிடைக்கும், ஆனால் விற்ற மறுநாளே அவை எந்த வீட்டுக்கும் சேராத காகிதங்களாகிவிடும். காரைக்கால் கைமாறிய 1954ஆம் வருஷத்துக் காகிதங்களுக்கு 2029இல் 75 வயது ஆகிறது. சட்டம் அப்போதுதான் அவற்றைத் திரும்பிப் பார்க்கும். அதற்குள் எத்தனை மிஞ்சும் என்பது பரண்களைக் காலி செய்கிறவர்கள் கையில் இருக்கிறது.

ஆகவே வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாத்திரத்தைக் கொடுப்பதற்கு முன் வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது யாருடையது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, எந்த ஊரில் வாங்கியது என்று கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போட்டுக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பேரை மெருகு போட்டு அழிக்கச் சொல்லாதீர்கள். பிரெஞ்சுக் காலத்து ஆவணம் எது கிடைத்தாலும் எனக்கும் விற்காதீர்கள், வேறு யாருக்கும் விற்காதீர்கள். புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது, 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.